உங்கள் ஓட்டு எந்தக் கையில் தொலைகிறது? தேர்தல் சீர்திருத்தம் கேட்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"சிஸ்டமே சரியில்லை" என்று சொல்லாத வாக்காளரைப் பார்ப்பது அரிது. எந்த இடத்தில் சரியில்லை என்று திருப்பிக் கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. சீர்திருத்தக் கோரிக்கைகள் பல காலமாகத் தோற்றுக்கொண்டிருப்பதும் இதனால்தான் என்பது என் எண்ணம். இன்ன இடத்தில் ஓட்டை இருக்கிறது, இத்தனை ஓட்டு ஒழுகுகிறது என்று காட்டத் தெரிந்தவரை யாராலும் சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது.

உங்கள் பெயர் பட்டியலில் ஏறுவதில் தொடங்கி, அவையில் ஒரு நாற்காலி நிரம்புவது வரை ஒரு ஓட்டு பல கை மாறிப் போகிறது. அந்த வழியில் ஒவ்வொரு கையாக நின்று பார்ப்பதுதான் இந்த வழிகாட்டி. கடைசி மூன்று பொதுத் தேர்தல்களின் முடிவுகள், உங்கள் பகுதி வாக்காளர் பட்டியல், தேர்தல் சட்டம், ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும். கூட இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவராவது நீங்கள் ஓட்டுப் போடாத கட்சிக்குப் போடுபவராக இருக்கட்டும். அவர் ஒப்புக்கொள்ளாத ஒரு கண்டுபிடிப்பு வெளியே போய் நிற்காது.

படி 1: பட்டியலில் தொடங்குங்கள்

என் அம்மா ஒரு தேர்தலைக்கூட விட்டவர் இல்லை. ஒருமுறை சாவடிக்குப் போனபோது, மேசையில் இருந்த அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார். பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயர் இருந்தது, அப்பாவின் பெயர் இருந்தது, அம்மாவின் பெயர் மேல் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை. "நான் உயிரோடதானே இருக்கேன்?" என்று அம்மா கேட்டார். அலுவலரிடம் பதில் இல்லை. அதே பெயருள்ள பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் இறந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நீக்கும் முன் யாரும் வீட்டுக்கு வந்து கேட்கவில்லை, கடிதமும் வரவில்லை. மையில்லாத விரலோடு அம்மா வீட்டுக்கு நடந்து வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. இந்த வேலையை நான் எடுத்ததே அன்றைக்குத்தான்.

உங்கள் பகுதிப் பட்டியலில் அடுத்தடுத்து 100 பெயர்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். மூன்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இருக்கிறார், பெயர் இல்லை. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை: இறந்தவர், வீடு மாறியவர். பெயரோ வயதோ முகவரியோ பிழையாக இருக்கிறது. நீக்கப்பட்டவர்களிடம் முன்னறிவிப்பு வந்ததா என்று தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகைப் பிழையைப் பற்றித்தான் மேடையில் அதிகம் கேட்பீர்கள், அது கள்ள ஓட்டுக்கு வழி என்பதால். முதல் வகையில் பாதிக்கப்பட்டவர் சத்தம் போடுவதில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிறார். அதனாலேயே உங்கள் கணக்கு முக்கியம்.

அப்புறம் ஒரு அடிப்படைக் கேள்வி: பெயர் சேர்க்கும் பொறுப்பு யாருடையது? ஜெர்மனியில் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து பட்டியல் தானாகவே தயாராகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் குடிமகன்தான் விண்ணப்பிக்க வேண்டும். பொறுப்பு அரசின் தலையிலா குடிமகனின் தலையிலா என்பதைப் பொறுத்து விடுபடும் ஆட்களே மாறுகிறார்கள். அடிக்கடி வீடு மாறும் வாடகைக்காரர், கூலி வேலைக்கு இடம்பெயர்பவர், முதல்முறை வாக்காளர் ஆகியோர்தான் இரண்டாவது முறையில் முதலில் விழுகிறார்கள்.

படி 2: பட்டியலுக்கே வர முடியாதவர்களைப் பாருங்கள்

உங்கள் சட்டத்தில் 'தகுதியின்மை' பற்றிய பிரிவை எடுங்கள். சிறையில் இருப்பவர், வெளிநாட்டில் வசிப்பவர், குடியுரிமை ஆவணம் இல்லாதவர், 18 நிரம்பாதவர் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதனால் வெளியே நிற்பவர் யார் என்று எழுதுங்கள். விதி என்ன சொல்கிறது என்பதைவிட அது யார் மேல் விழுகிறது என்பதே முக்கியம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்த எழுத்தறிவுத் தேர்வு விதிகளில் நிறம் பற்றி ஒரு சொல் இருக்காது. ஆனாலும் கறுப்பின மக்களைப் பல பத்தாண்டுகள் சாவடிக்கு வெளியே நிறுத்தியவை அவைதான். 1965இன் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அவை ஒழிந்தன.

ஒருமுறை கிடைத்த உரிமை நிலைத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். இலங்கையில் 1931இலேயே ஆண் பெண் அனைவருக்கும் ஓட்டு வந்துவிட்டது. ஆசியாவிலேயே அது முன்னோடி. 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரின் ஓட்டைப் பறித்தன. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. வாக்குச்சாவடியில் யாரும் யாரையும் தடுக்கவில்லை. 'குடிமகன்' என்ற சொல்லின் பொருளை மாற்றினார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.

எதிர்த்திசையில் ஒரு உதாரணமும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கைதிகளின் வாக்குரிமை கேள்விக்குள்ளானபோது, 1999இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஒவ்வொரு குடிமகனின் ஓட்டும் அவர் மனிதர் என்பதற்கான அடையாளம் என்று சொல்லி, அவர்களுக்கும் வாக்களிக்க ஏற்பாடு செய்யச் சொன்னது.

படி 3: எல்லைக்கோட்டை அளந்து பாருங்கள்

தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கையை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். சராசரியைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு தொகுதியும் அதிலிருந்து எத்தனை சதவீதம் விலகி நிற்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய கவுன்சிலின் வெனிஸ் ஆணையம் 2002இல் வெளியிட்ட நெறிமுறை இதற்கு ஒரு அளவுகோல் தருகிறது: விலகல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, விசேஷக் காரணம் இல்லாவிட்டால் 15ஐ நிச்சயம் தாண்டக் கூடாது.

தாண்டினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலம் சாட்சி. அங்கே 1960கள் வரை 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்தே தொகுதிகள் ஓடிக்கொண்டிருந்தன. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்த ஜெஃபர்சன் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பகுதி) ஒரு மாநில செனட்டர். 15,417 பேர் இருந்த லவுண்ட்ஸ் கவுண்டிக்கும் ஒரு செனட்டர். 1964இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

எண்ணிக்கை சமமாக இருந்தாலும் கோடு வளைந்திருக்கலாம். இதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மொத்தம் 50 வாக்காளர்கள், 5 தொகுதிகள், தொகுதிக்கு 10 பேர். 'அ' கட்சிக்கு 30 பேர், 'ஆ' கட்சிக்கு 20 பேர். இப்போது மூன்று தொகுதிகளில் 'ஆ'வுக்கு 6 பேர், 'அ'வுக்கு 4 பேர் வருமாறு கோடு போடுங்கள். மீதி இரண்டில் 'அ'வின் 9 பேரையும் 'ஆ'வின் ஒருவரையும் வையுங்கள். கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். 40 சதவீத ஓட்டு வைத்திருக்கும் 'ஆ' 3 இடம் ஜெயிக்கிறது. ஒருவருடைய ஓட்டையும் யாரும் திருடவில்லை. எதிராளியின் ஓட்டுகளை இரண்டு தொகுதிகளில் குவித்து, மற்றவற்றில் தோற்கும் அளவுக்குச் சிதறடித்தார்கள், அவ்வளவுதான். 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட எல்லையில் ஒரு தொகுதி பல்லி வடிவத்தில் வளைந்து கிடந்தது. இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் இன்றுவரை உள்ள 'ஜெர்ரிமாண்டரிங்' என்ற பெயர் அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

உங்கள் நாட்டில் கோடு போடுபவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அதில் நிற்கப்போகிறவரே என்றால், அந்த ஒரு தகவல் போதும்.

எண்ணிக்கைச் சமத்துவம் எல்லா நேரமும் நேரான விடை தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் மக்களவை இடங்களை மாநிலங்களுக்குப் பிரிப்பதை 1976இன் 42ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பிலேயே உறைய வைத்தது. 2001இன் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காகவே குரலை இழக்கக் கூடாது என்பது அதன் பின்னால் இருந்த நியாயம். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற நியாயமும் கூட்டாட்சி நியாயமும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு கணக்கை மட்டும் காட்டி வாதாடாதீர்கள். இரண்டையும் காட்டி, எதற்கு எவ்வளவு எடை தருகிறீர்கள், ஏன் என்று சொல்லுங்கள்.

படி 4: ஓட்டு இடமாக மாறும் கணக்கைப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அரை மணி நேர வேலை.

நாலு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கட்சி, ஓட்டு சதவீதம், இட சதவீதம், வித்தியாசம். வித்தியாசத்தில் கூட்டல் கழித்தல் குறி வேண்டாம். எல்லா வித்தியாசங்களையும் கூட்டி இரண்டால் வகுங்கள். வரும் எண், அவையின் எத்தனை சதவீத இடம் மக்கள் போட்ட ஓட்டுக்குப் பொருந்தாத கையில் இருக்கிறது என்று காட்டும்.

நியூசிலாந்தின் 1981 தேர்தலை வைத்துப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 92 இடம். தேசியக் கட்சிக்கு 38.8 சதவீத ஓட்டு, 47 இடம், அதாவது 51.1 சதவீதம். வித்தியாசம் 12.3. தொழிற்கட்சிக்கு 39 சதவீத ஓட்டு, 43 இடம், 46.7 சதவீதம். வித்தியாசம் 7.7. சமூகக் கடன் கட்சிக்கு 20.7 சதவீத ஓட்டு, வெறும் 2 இடம், 2.2 சதவீதம். வித்தியாசம் 18.5. மற்றவர்களுக்கு 1.5 சதவீதம், இடம் எதுவும் இல்லை. கூட்டினால் 40. பாதி 20. ஐந்தில் ஒரு பங்கு இடம் தப்பான கையில். அதைவிட, தொழிற்கட்சி அதிக ஓட்டு வாங்கியும் தோற்றது. 1978இலும் இதேதான் நடந்திருந்தது.

இது பழைய கதை என்று நினைத்தால், பிரிட்டனின் 2024 தேர்தலை எடுங்கள். தொழிற்கட்சி 33.7 சதவீத ஓட்டுக்கு 650இல் 411 இடம் பெற்றது. லிபரல் ஜனநாயகக் கட்சி 12.2 சதவீதத்துக்கு 72 இடம் வாங்கியது. 'ரிஃபார்ம் யுகே' என்ற சீர்திருத்தக் கட்சிக்கு 14.3 சதவீதம் விழுந்தும் 5 இடம்தான். அந்தக் கட்சியின் கொள்கை பிடிக்காதவரும் இந்தக் கணக்கைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். பிடிக்காத கட்சிக்கும் நடக்கக் கூடாத அநியாயம் என்று சொல்ல முடிந்தால்தான் நம் கோரிக்கை நேர்மையானது.

அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிப்பார் என்ற முறைக்கு மாற்றாக மூன்று பெரிய வழிகள் நடைமுறையில் உள்ளன. கட்சிப் பட்டியலுக்கு ஓட்டுப் போட்டு, விகிதப்படி இடம் பிரிப்பது ஒன்று. இதில் சிறிய கட்சிகள் வரும். ஆனால் உங்கள் தொகுதிக்கு என்று ஒரு உறுப்பினர் இல்லாமல் போகலாம். இரண்டாவது கலப்பு முறை: தொகுதிக்கு ஒரு ஓட்டு, கட்சிக்கு ஒரு ஓட்டு, கட்சி ஓட்டின்படி மொத்த இடங்கள் ஈடுகட்டப்படும். ஜெர்மனி, நியூசிலாந்து இந்த வழி. மூன்றாவது, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது. ஆஸ்திரேலியா கீழவைக்கு 1918 முதல் ஒரு உறுப்பினர் தொகுதிகளில் இப்படித்தான் செய்கிறது. அது ஜெயிப்பவருக்குப் பெரும்பான்மையை உறுதிசெய்யும், விகிதாச்சாரத்தைத் தராது. அயர்லாந்தில் பல உறுப்பினர் தொகுதிகளில் வரிசைப்படுத்துகிறார்கள், அங்கே இரண்டும் ஓரளவு கிடைக்கிறது. எதுவும் குறையில்லாதது இல்லை. என்னைக் கேட்டால், தொகுதி உறுப்பினரை விட மனமில்லாத மக்களுக்குக் கலப்பு முறையைப் புரியவைப்பது மற்றவற்றைவிடச் சுலபம்.

படி 5: எண்ணும் மேசை, நடுவர், பணம்

இந்த மூன்றையும் வேகமாகப் பார்த்துவிடலாம், சரிபார்க்க வேண்டியவை குறைவு.

எண்ணிக்கையில் ஒரே கேள்வி: தோற்றவர் தானே சரிபார்த்து, ஆமாம் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ள வழி இருக்கிறதா? அயர்லாந்தில் வாக்குச்சீட்டுகளை விரிக்கும்போது கட்சிக்காரர்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் எட்டி நின்று, பென்சிலும் அட்டையுமாக ஒவ்வொரு சீட்டிலும் 1 எங்கே என்று குறித்துக்கொண்டே இருப்பார்கள். அதிகாரபூர்வ எண் வரும் முன்பே அவர்களுக்கு முடிவு ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009இல் அன்றைய வாக்கு இயந்திரங்களைச் செல்லாது என்றது. தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனாலும் முக்கியமான கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது காரணம். உங்கள் நாட்டில் இயந்திரம் இருந்தால், காகிதச் சான்று உண்டா, அதில் எத்தனை சதவீதத்தை எண்ணிப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

நடுவர் என்றால் தேர்தல் ஆணையம். அதன் உறுப்பினரை நியமிப்பவர் யார், நீக்குபவர் யார்? இரண்டுமே ஆளும் தரப்பின் கையில் இருந்தால், இப்போது இருப்பவர் எவ்வளவு நல்லவர் என்பது பதிலாகாது.

பணத்தில், யார் யாருக்குக் கொடுத்தார் என்பது ஓட்டுப் போடும் முன் வாக்காளருக்குத் தெரியுமா என்று பாருங்கள். இந்தியாவில் பெயர் தெரியாமல் கட்சிக்கு நிதி தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், வாக்காளரின் தகவல் உரிமையைச் சொல்லித்தான்.

படி 6: ஒரே ஒரு கோரிக்கை எழுதுங்கள், பிறகு அதையே சந்தேகியுங்கள்

இதுவரை பார்த்ததில் அதிக ஓட்டு ஒழுகிய இடம் எது? அதை மட்டும் எடுங்கள். பத்து அம்சத் திட்டம் வேண்டாம். பத்தில் எது பிடிக்கவில்லையோ அதைக் காட்டி மொத்தத்தையும் நிராகரிப்பார்கள். ஒரு பக்கத்துக்குள் நாலு விஷயம் எழுதுங்கள்: என்ன நடக்கிறது, எத்தனை பேருக்கு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு மாற வேண்டும், மாறிய பிறகு அந்த வாசகம் எப்படி இருக்க வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். 'நீக்கும் முன் எழுத்து மூலம் தெரிவித்து, பதிலுக்கு 15 நாள் தர வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால், படிப்பவர் ஆம் அல்லது இல்லை சொல்லியே ஆக வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. உங்களுக்கு மிகவும் பயம் தரும் கட்சி நாளை ஆட்சிக்கு வருகிறது. இந்த விதி அவர்கள் கையில் இருந்தாலும் உங்களுக்குச் சம்மதமா? 'சீர்திருத்தம்' என்ற பெயரில் வருவதெல்லாம் சீர்திருத்தம் ஆகிவிடாது. ஹங்கேரியில் 2011இல் ஆளுங்கட்சி புதிய தேர்தல் சட்டம் கொண்டுவந்து அவையின் இடங்களை 386இலிருந்து 199 ஆகக் குறைத்தது, தொகுதிகளை மாற்றி வரைந்தது. செலவு குறையும் என்று கேட்கும்போது நல்லதாகத்தான் தோன்றும். 2014இல் அதே கட்சி சுமார் 45 சதவீதப் பட்டியல் ஓட்டில் 133 இடங்களைப் பெற்றது. மூன்றில் இரண்டு பங்கு, அரசியல் சாசனத்தையே திருத்தும் பலம்.

படி 7: கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

மிகவும் கஷ்டமான படி இது. இந்த விதிகளால் ஜெயித்து உள்ளே இருப்பவர்கள்தான் விதிகளை மாற்ற வேண்டும். அவர்களாக மாற்றுவார்கள் என்று காத்திருந்தால் ஆயுள் போய்விடும். உங்கள் கோரிக்கைக்கு எந்தக் கதவு என்று பாருங்கள்: அரசியல் சாசனத் திருத்தமா, சாதாரணச் சட்டமா, ஆணையத்தின் விதியா, கீழ்நிலை அலுவலரின் சுற்றறிக்கையா? எங்கள் பகுதியில், நீக்கும் முன் கடிதம் அனுப்பும் விதி ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது. யாரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது புதிய சட்டமல்ல, 100 வீடுகளின் கணக்கை இணைத்த ஒரு மனு.

பெரிய மாற்றத்துக்கு நியூசிலாந்து போன வழி படிக்கத் தகுந்தது. இரண்டு முறை தலைகீழ் முடிவு வந்த பிறகு, 1985இல் ஒரு சுயேச்சையான அரச ஆணையம் அமைந்தது. அடுத்த ஆண்டு அது கலப்பு முறையைப் பரிந்துரைத்தது. இரு பெரிய கட்சிகளுக்குள்ளும் அதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனால் அறிக்கை என்று ஒன்று மேசையில் இருந்ததால் கேள்வி சாகவில்லை. 1992இல் ஆலோசனை வாக்கெடுப்பு, 1993இல் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு. 53.9 சதவீதம் பேர் மாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். 1996இல் முதல் தேர்தல். 2011இல் மறுபடி கேட்டபோதும் மக்கள் புதிய முறையையே வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு வழி, குடிமக்களைக் குலுக்கலில் எடுப்பது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2016இல் கேட்டி ஃபேஹி என்ற இளம்பெண், தொகுதி எல்லை மோசடியைத் தடுக்க ஆசை, சேர விரும்புபவர்கள் சொல்லுங்கள் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். அரசியல் அனுபவம் இல்லாதவர். சேர்ந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து வாங்கினார்கள். 2018 வாக்கெடுப்பில் சுமார் 61 சதவீதம் ஆதரவு. இன்று அங்கே எல்லை வரைவது 13 குடிமக்கள்: இரு கட்சிச் சார்புள்ளவர்கள் நாலு நாலு பேர், எந்தக் கட்சியும் சாராத ஐந்து பேர், விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கலில். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை நினைவுக்கு வரும். அதில் நிலமும் படிப்பும் உள்ளவர் பெயர் மட்டுமே குடத்துக்குள் போனது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய விதி மட்டும் இன்றைக்கும் கடன் வாங்கத் தகும்.

குலுக்கல் அவை வைத்தாலே ஜெயித்துவிடலாம் என்பதும் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 160 குடிமக்கள் 2004 முழுக்க உட்கார்ந்து படித்து, வரிசைப்படுத்தும் முறையைப் பரிந்துரைத்தார்கள். 2005 வாக்கெடுப்பில் 57.7 சதவீதம் ஆதரவு கிடைத்தும் தோற்றது, ஏனென்றால் 60 சதவீதம் வேண்டும் என்று அரசு முன்கூட்டியே நிர்ணயித்திருந்தது. 2009இல் மறுபடி கேட்டபோது ஆதரவு 39 சதவீதமாக விழுந்தது. எனவே வாக்கெடுப்பு என்று யாராவது வாக்குக் கொடுத்தால், கேள்வியின் வாசகம் என்ன, எத்தனை சதவீதம் வேண்டும், முடிவு கட்டுப்படுத்துமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

நாள்காட்டியையும் பாருங்கள். தேர்தலுக்கு ஒரு வருஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது அடிப்படை விதிகளைத் தொடக் கூடாது என்று வெனிஸ் நெறிமுறை சொல்கிறது, அது நியாயமும்கூட. அடுத்த தேர்தல் தேதியிலிருந்து ஒரு வருஷம் பின்னால் போங்கள். சட்டம் நிறைவேற இன்னும் ஒரு வருஷம் விடுங்கள். அந்தத் தேதி தாண்டிவிட்டதென்றால் சட்டக் கோரிக்கையை அடுத்த சுற்றுக்கு வைத்துவிட்டு, முதல் படிக்குத் திரும்புங்கள். 100 பெயர்கள், வீடு வீடாக. பட்டியல் திருத்தத்துக்கான கடைசி நாள் எது என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.